அது ஆஸ்திரேலியப் பறவை இல்லைங்க: வலசை பற்றி ஓர் எளிய விளக்கம்

டிசம்பர் பிறந்தால் போதும், ஏதாவது ஓர் ஏரிக்கரையில் இந்தப் பேச்சு காதில் விழும்: "இதெல்லாம் ஆஸ்திரேலியாவுல இருந்து வருதுங்க. இங்க வந்து முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, குஞ்சுங்க பறக்கப் பழகினதும் கூட்டிக்கிட்டுப் போயிடும்." சில ஊர்களில் ஆஸ்திரேலியாவுக்குப் பதில் சைபீரியா. சில ஊர்களில் வெறும் 'ஃபாரின்'. ஓர் ஏரியின் வாசலில் இதையே பெயின்ட் அடித்துப் பலகையாக மாட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் என்ன, பல வருடம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை ஏரிக்குக் கூட்டிப்போய், மஞ்சள் மூக்கு நாரையைக் காட்டி இதே கதையைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணை விரித்துக் கேட்டார்கள். அதனாலேயே கதையை விட மனசு வரவில்லை.

அந்தப் பேச்சை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே உண்மை. வெகுதூரத்திலிருந்து பறவைகள் வருகின்றன, சரி. ஏரி மரங்களில் பறவைகள் முட்டையிடுகின்றன, அதுவும் சரி. ஆனால் தூரத்திலிருந்து வருபவை வேறு, முட்டையிடுபவை வேறு. இரண்டு கூட்டமும் ஒரே மாதத்தில் ஒரே ஏரியில் வந்து இறங்குவதால் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் வலசை என்ற விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

கிடை போடப் போகும் கீதாரி

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளைத் தெரிந்தவர்களுக்கு வலசையை விளக்கவே வேண்டாம். சம்பா அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் போவார்கள். அறுத்த வயலில் பகலில் மேய்ச்சல், ராத்திரி கிடை. வயலுக்கு எரு, ஆட்டுக்குத் தீனி. சில மாதம் கழித்து வயல்களில் மறுபடி உழவு தொடங்கும்போது சொந்த ஊரைப் பார்த்துத் திரும்புவார்கள். அடுத்த வருடமும் இதேதான்.

இவர்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் யாரும் தஞ்சாவூர் என்று சொல்ல மாட்டார்கள். வருடத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றாலும், வீடு இருப்பது, கல்யாணம் காட்சி நடப்பது, குலதெய்வம் இருப்பது எல்லாம் வேறிடத்தில். தஞ்சாவூர் பிழைப்புக்கான இடம்.

பறவையின் வலசையும் இந்த அச்சில்தான் இருக்கிறது. குஞ்சு பொரிக்கும் இடம் ஒன்று, பிழைப்புக்கான இடம் ஒன்று. இரண்டுக்கும் இடையே வருடா வருடம், ஏறக்குறைய அதே பருவத்தில், போய்த் திரும்பும் பயணத்துக்குத்தான் வலசை என்று பெயர். போனால் திரும்ப வேண்டும். ஒரு தடவை போய் அங்கேயே தங்கிவிட்டால் அது குடிபெயர்வு, வலசை இல்லை.

கீதாரிக்கு வீடு எங்கே என்று பார்த்தோம் அல்லவா? பறவைக்கு வீடு என்று ஒன்று கிடையாது. கூடுகூட வீடு இல்லை, அது பிரசவ அறையும் தொட்டிலும் மட்டும்தான். குஞ்சு பறந்ததும் பெரும்பாலான பறவைகள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒரு பறவைக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால், கூடு கட்டும் ஊர் என்பதுதான் பதில். இந்த ஒரு அளவுகோலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போவோம்.

ஏரியில் உண்மையில் நடப்பது

வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் அந்த மரங்களைச் சுற்றி ஓர் அகழி உண்டானது போல ஆகிவிடும். பூனை, கீரி, மனிதர் யாரும் எளிதில் நெருங்க முடியாது. சுற்று வட்டார ஏரி, வயல்களில் மீனும் நத்தையும் தவளையும் பெருகியிருக்கும். குஞ்சு வளர்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், கொக்கு வகைகள் எல்லாம் வந்து கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். 1798-லேயே அப்போதைய செங்கல்பட்டு கலெக்டரிடம் பேசி, இங்கே யாரும் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். பாசம் மட்டும் காரணமில்லை; பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல எரு. கீதாரியின் கிடை செய்வதையே இங்கே நாரை செய்கிறது.

ஏப்ரல், மே மாதத்தில் ஏரி வற்றும். குஞ்சுகள் பறக்கப் பழகியிருக்கும். அத்தனை பறவையும் காணாமல் போய்விடும். பார்ப்பவர்களுக்கு, 'சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டன' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அவை கலைந்து போவது பக்கத்து மாவட்டத்துக்கும் பக்கத்து மாநிலத்துக்கும். எங்கே தண்ணீர் மிச்சமிருக்கிறதோ அங்கே. எந்த வருடம் எங்கே போகும் என்பதற்குக் கண்டிப்பான நியதி கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் புல் தீர்ந்தால் மாடு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்குமே, அந்த மாதிரி. இதற்கு உள்ளூர் நகர்வு என்று பெயர். மழை பொய்த்த வருடத்தில் பல பறவைகள் கூடு கட்டவே வராது. வெகுதூர வலசைப் பறவைகளோ இங்கே மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவதில்லை.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இது இன்னும் தெளிவு. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு வைக்கும். கீழே கோழி மேய்ந்துகொண்டிருக்கும், மேலே நாரைக் குஞ்சு கத்திக்கொண்டிருக்கும். அதே ஊர்க் குளத்தில், மங்கோலியா, திபெத் பீடபூமிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள் மிதந்துகொண்டிருக்கும். அவற்றின் கூட்டை அந்த ஊரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். குளத்தில் மிதப்பது வெளியூர், கொல்லை மரத்தில் கத்துவது உள்ளூர். முக்குளிப்பான் போல நம்மூர் நீர்ப்பறவைகளும் மிதக்கும் என்பதால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பார்வைக்கு உதவும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கூடு கட்டும் இடம்தான் சொந்த ஊர். ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நம்மூர்ப் பறவைகள். தண்ணீரைத் தேடி இடம் மாறுபவை. தூர தேசத்திலிருந்து வருபவை இங்கே கூடு கட்டுவதில்லை.

ஆஸ்திரேலியா ஏன் பொருந்தாது

இதை ஒரு காலண்டரை வைத்தே சரிபார்த்துவிடலாம். பூமியின் தென்பாதியில் பருவங்கள் தலைகீழ். ஆஸ்திரேலியாவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். டிசம்பரில் அங்கே நல்ல கோடை. அந்த ஊர்ப் பறவை குளிரிலிருந்து தப்பித்து நம்மிடம் வருவதாக இருந்தால் ஆடி மாதத்தில் அல்லவா வந்து நிற்க வேண்டும்? மார்கழியில் அது ஏன் வருகிறது?

இன்னொன்று. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, நம் கூழைக்கடா மூன்றும் தெற்காசியா, தென்கிழக்காசியாவைச் சேர்ந்தவை. ஆஸ்திரேலியாவில் இவை வாழ்வதே இல்லை. 'ஆஸ்திரேலிய பிளமிங்கோ' என்று கோடியக்கரையில் பலர் காட்டும் பூநாரையின் கதை இன்னும் வேடிக்கை. இன்றைய ஆஸ்திரேலியாவில் காட்டுப் பூநாரையே கிடையாது, புதைபடிவங்கள்தான் உண்டு. இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் ரான் உப்புநிலத்தில்.

சைபீரியாக் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அங்கிருந்து வரும் பறவைகள் உண்டு. ஆனால் காட்டுபவரின் விரல் எப்போதும் தவறான பறவையை நோக்கி நீள்கிறது. பெரிதாக, வெள்ளையாக, அழகாக இருப்பதுதான் தூர தேசத்துப் பறவை என்று நம் மனதில் ஒரு கணக்கு.

அப்படியானால் வருவது யார்?

கோடியக்கரைச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும் கொசு உள்ளானைக் கேமராவோடு வருபவர்கள்கூடப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சாதாரணமாக 30 கிராமுக்குள் எடை. சாம்பலும் வெள்ளையுமாக, சேற்றோடு சேறாக. அது முட்டையிட்டது ஆர்க்டிக் கரையோரத்தில், மரமே முளைக்காத உறைநிலத்தில்.

உங்கள் தெருமுனைப் புதரிலேயே ஓர் ஆள் இருக்கலாம். அக்டோபருக்குப் பிறகு காலையில் செடிகளுக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று நாக்கைச் சொடுக்குவது போல ஒரு சத்தம் வரும். ஆளைப் பார்க்க அரை மணி நேரப் பொறுமை வேண்டும். பழுப்பு நிறத்தில் ஒரு கதிர்க்குருவி. இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் எடைகூட இருக்காது. ரஷ்யா, கிழக்கு ஐரோப்பாப் பக்கம் கூடு கட்டிவிட்டு இங்கே உங்கள் செம்பருத்திச் செடியில் பூச்சி பொறுக்க வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு நாரைகளின் மேல் இருந்த மோகம் கொஞ்சம் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தந்திக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான், முருங்கைக் கிளையில் தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும் பழுப்புக் கீச்சான், ஏரியில் மிதக்கும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, இவையெல்லாம் வடக்கிலிருந்து வருபவை.

வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் வலசை என்றும் இல்லை. ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாடு, இலங்கை வரை வரும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு என்று ஒன்பது நிறத்தில் இருக்கும் அதை ஓர் ஐப்பசிக் காலையில் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் பார்த்தேன். ராத்திரிப் பயணத்தில் களைத்து, விளக்கு வெளிச்சத்தில் குழம்பி உள்ளே வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, யாரோ வளர்த்த பறவை கூண்டிலிருந்து தப்பிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, சாயங்காலம் தோட்டத்தில் திறந்துவிட்டோம். இலைக்குப்பைக்குள் குதித்து ஓடியது. பாஸ்போர்ட் தேவைப்படாத வலசைப் பறவை.

நம் நாட்டிலிருந்து வெளிநாடு போகும் பறவையும் இருக்கிறது. வட இந்தியாவில் பருவமழையோடு வரும் சுடலைக்குயில் அங்கே முட்டையிட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. நம் அளவுகோலின்படி அது இந்தியப் பறவை. ஆப்பிரிக்கா அதற்குத் தஞ்சாவூர்.

குளிருக்குப் பயந்தா ஓடி வருகின்றன?

'குளிர் தாங்காமல் வருகின்றன' என்பது அடுத்த தவறு. இறகைவிட நல்ல கம்பளி உலகத்தில் இல்லை. உறைபனியிலும் வடக்கிலேயே தங்கிவிடும் சின்னஞ்சிறு குருவிகள் உண்டு. அவை கொட்டையும் விதையும் தின்பவை. பனிக்காலத்திலும் அவற்றுக்கு ஏதாவது கிடைக்கும். பூச்சி தின்பவையும் சேற்றைக் கிளறித் தின்பவையும்தான் கிளம்பியே ஆக வேண்டும். பூச்சி மறைந்துவிடுகிறது, சேறு கல்லாகிவிடுகிறது. ஆகவே விரட்டுவது பசி. குளிர் அந்தப் பசியைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சரி, இங்கே வருடம் முழுக்கச் சாப்பாடு கிடைக்கிறதே, இங்கேயே தங்கிவிட்டால் என்ன? இந்தக் கேள்விதான் சுவாரஸ்யமானது. பலரும் 'ஏன் இங்கே வருகின்றன' என்றே கேட்கிறார்கள், 'ஏன் திரும்பிப் போகின்றன' என்று கேட்பதில்லை.

பதில் பகலில் இருக்கிறது. சென்னையில் கோடையில் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது; மார்கழியில் 11 மணிக்குக் கொஞ்சம் மேல். வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீண்டுகொண்டே போகும். ஆர்க்டிக்கில் சில வாரங்கள் சூரியன் மறைவதே இல்லை. அந்தக் குறுகிய கோடையில் பனி உருகிய குட்டைகளிலிருந்து கொசுவும் பூச்சியும் புகைமூட்டம் போலக் கிளம்பும். நாலைந்து குஞ்சுகளுக்கு ஓயாமல் தீனி வேண்டிய நேரத்தில், கடை இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கிறது. இடமும் தாராளம். இங்கேயோ காக்கை, வல்லூறு, பூனை, பாம்பு, அதற்கு மேல் வருடம் முழுக்க இங்கேயே குடியிருக்கும் பறவைகளின் போட்டி. தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள இந்த ஊர் போதும். பிள்ளைகளை வளர்க்க அந்த ஊர்தான் தோது.

இங்கே கூடு கட்டாததற்கு உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. முட்டையிடும் பருவம் முடிந்ததும் பறவையின் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கி மிகச் சிறியதாகிவிடும். பறக்கும் உடம்புக்கு ஒவ்வொரு கிராமும் சுமைதானே. நம்மூர்க் குளிர்காலத்தில் கொசு உள்ளான் முட்டையிட நினைத்தாலும் முடியாது.

மொத்தத்தில், பசிக்காகத் தெற்கே, பிள்ளைகளுக்காக வடக்கே. அங்கே இருப்பது சில மாதம்தான், ஆனால் குடும்பம் நடப்பது அங்கே.

கிளம்ப வேண்டிய நாள் எப்படித் தெரிகிறது?

பனி விழும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். தீனி தீருவதற்கு முன்பே, கொழுத்த உடம்போடு கிளம்ப வேண்டும். வானிலையை நம்ப முடியாது. ஒரு வருடம் குளிர் முந்தும், ஒரு வருடம் பிந்தும். வருடா வருடம் பிசகாமல் மாறுவது பகலின் நீளம் மட்டும்தான்.

1920களில் வில்லியம் ரோவன் என்பவர் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். கடுங்குளிரில், திறந்தவெளிக் கூண்டில் குருவிகளை வைத்து, பல்பு போட்டு 'பகலை' நாளுக்கு நாள் கொஞ்சம் நீட்டிக்கொண்டே போனார். பாதரசம் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே. ஆனால் குருவிகளின் உடம்பு வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி, இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கிவிட்டன. வெப்பத்தை உடம்பு கண்டுகொள்ளவில்லை. வெளிச்சத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

இதோடு பறவைக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரமும் ஓடுகிறது. பகலும் இரவும் மாறவே மாறாத அறையில் வளர்த்த குருவிகளும் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிர்த்து, பயணத்துக்குத் தயாராவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வீட்டுச் சுவர்க் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கோயில் மணியைக் கேட்டுத் திருத்திக்கொள்வோம். பகல் நீளம்தான் பறவைக்குக் கோயில் மணி.

கடிகாரம் அடித்ததும் ஹார்மோன்கள் சுரக்கும். பறவை பேய்ப்பசியோடு தின்னத் தொடங்கும். சில சிறு பறவைகள் கிளம்பும்போது தம் சாதாரண எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். கூடிய எடை பெரும்பாலும் கொழுப்பு, அதாவது வழிச்சாப்பாடு. கூடவே ஓர் அமைதியின்மையும் வரும். கூண்டுக்குள் வளரும் வலசைப் பறவைகூட அந்தப் பருவத்தில் ராத்திரியில் தூங்காமல் தத்தித் தத்தி ஒரே பக்கமாகப் படபடக்கும். இதை வலசைத் துடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வெளியூரில் வேலை பார்ப்பவர்களிடம் இதைக் காணலாம்.

ராத்திரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சிறு பறவைகளில் பல இருட்டிய பிறகுதான் பயணம் போகின்றன. காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், பருந்துத் தொல்லை இல்லை, பகலில் இறங்கிச் சாப்பிடலாம். நம் தலைக்கு மேல் அவை போவதை நாம் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

வழி காட்டுவது யார்?

காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சு பெரியதானதும் கரைவதில்லை, கூவுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, பிறக்கும்போதே கொண்டு வந்தது. வலசைத் திசையும் அப்படித்தான் பல பறவைகளுக்கு. ஐரோப்பாவில் வேறு பறவையின் கூட்டில் வளரும் குயில் இனம் ஒன்று இருக்கிறது. தன் பெற்றோரைப் பார்க்காமலே அது ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்கிறது. உள்ளான் வகைகள் பலவற்றிலும் பெரிய பறவைகள் முன்னதாகக் கிளம்பிவிட, குஞ்சுகள் பின்னால் தாமாகவே வந்து சேரும்.

இதில் இரண்டு திறமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று திசையறிவு: எந்தப் பக்கம் தெற்கு என்று தெரிவது. இன்னொன்று இடமறிவு: இப்போது நான் எங்கே இருக்கிறேன், போக வேண்டிய இடம் இங்கிருந்து எந்தப் பக்கம் என்று தெரிவது. பேருந்தில் கண்ணை மூடித் தூங்கிப் போய், தெரியாத ஊரில் இறங்கியவருக்குத் திசையறிவு மட்டும் போதாது. தெற்கு எது என்று தெரியும். வீடு தெற்கிலா வடக்கிலா என்பதுதான் தெரியாது.

1950களில் நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்டெக் என்ற ஆய்வாளர் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. வலசை போய்க்கொண்டிருந்த 11,000-க்கும் மேற்பட்ட மைனா இனப் பறவைகளை ஹேக் நகரப் பக்கம் பிடித்து, வளையம் மாட்டி, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முன்பு ஒருமுறையாவது போய் வந்த பெரிய பறவைகள், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று உணர்ந்தது போலத் திசையை மாற்றி, வழக்கமான குளிர்கால இடத்தை நோக்கிப் போயின. முதல்முறை பயணம் போகும் இளம் பறவைகளோ, பழைய திசையிலேயே பறந்து, பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. இளசுகளிடம் 'இந்தப் பக்கம், இத்தனை தூரம்' என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. அனுபவசாலிகளிடம் வரைபடமே இருக்கிறது.

திசையறிவுக்குப் பறவைகள் ஒன்றை மட்டும் நம்பி இருப்பதில்லை. பகலில் சூரியன். ராத்திரியில் நட்சத்திரம். 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் ஒரு கோளரங்கத்துக்குள் குருவிகளை வைத்தார். அடியில் மை ஒற்றிய அட்டை, சுற்றிலும் காகிதம் சுருட்டிய புனல் போன்ற கூண்டு. பறவை எந்தப் பக்கம் தாவியது என்பது காகிதத்தில் கால் தடமாகப் பதியும். செயற்கை வானத்தைத் திருப்பியதும் தடங்களும் திரும்பின. குஞ்சாக இருக்கும்போது ராத்திரி வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்று பார்த்து அவை வடக்கைக் கற்றுக்கொள்கின்றன என்பதும் தெரிய வந்தது. மேகம் மூடினால்? அதற்குப் பூமியின் காந்தப்புலம். ஜெர்மனியில் மூடிய அறையில் வைத்த பறவைகள், சுற்றியிருந்த காந்தப்புலத்தைச் செயற்கையாகத் திருப்பியபோது தாமும் திரும்பின.

2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஓர் இளம் பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதம் போல்தான் இருக்கும், அலாஸ்காவிலிருந்து கிளம்பி 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இறங்கியது. ஆஸ்திரேலியாவுக்கும் வலசைக்கும் சம்பந்தம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதையை நான் பரிசாகத் தருவதுண்டு. ஆனால் அது அங்கிருந்து கிளம்பிய கதை இல்லை, அங்கே போன கதை.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது?

ஒரு காலத்தில் ஐரோப்பாவில், குளிர்காலத்தில் காணாமல் போகும் தகைவிலான்கள் குளத்துச் சேற்றுக்குள் போய்த் தூங்குகின்றன என்று படித்தவர்களே நம்பினார்கள். 1822-இல் ஜெர்மனியில் ஒரு நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஏறக்குறைய இரண்டரை அடி நீளத்துக்கு ஓர் ஈட்டி குத்தி நின்றது. ஆப்பிரிக்க வேட்டைக்காரரின் ஈட்டி. குத்துப்பட்ட கழுத்தோடு பறந்து வந்திருக்கிறது. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்த நாரையைப் பதப்படுத்தி இன்றும் வைத்திருக்கிறார்கள்.

1899-இல் டென்மார்க்கில் மோர்டென்சன் என்ற ஆசிரியர் பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையத்தை மாட்டும் முறையைத் தொடங்கினார். ஓரிடத்தில் வளையம் மாட்டிய பறவை வேறிடத்தில் கிடைத்தால் இரண்டு புள்ளிக்கும் கோடு போட்டுவிடலாம். இந்தியாவில் 1959 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் இதைப் பெரிய அளவில் செய்தது. பறவைகள் வழியாக நோய்க்கிருமிகள் பரவுகின்றனவா என்று அறிய விரும்பிய உலக சுகாதார நிறுவனம் உதவியது. கோடியக்கரை அதன் முக்கியமான களங்களில் ஒன்று. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பைனாகுலர் வழியாக எண் படித்தே அடையாளம் கண்டிருக்கிறார்கள். இப்போது செயற்கைக்கோள் கருவிகள் வந்துவிட்டன. இமயமலையைக் கடக்கும் அந்த வாத்துகள் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்ததை அவைதான் காட்டிக்கொடுத்தன.

மொட்டை மாடியிலிருந்து செய்யக்கூடியது

வளையமும் செயற்கைக்கோளும் நம் கையில் இல்லை. ஆனால் வலசையில் இன்னும் கேள்வியாக இருக்கும் பல விஷயங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு தகவல்தான்: எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தப் பறவை. 2007-இல் இந்தியாவில் மைக்ரண்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கியபோது பொதுமக்களிடம் கேட்டது இதைத்தான். குறிப்பிட்ட சில பறவைகளை இந்தப் பருவத்தில் முதல்முதலாக எப்போது பார்த்தீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள். இன்று பெரும்பாலோர் இபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில், பார்த்த பறவைகளைப் பட்டியலிடுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை, ஏரிக்குப் போக வேண்டாம். ஏரியில் ஐம்பது வகை இருக்கும், தலை சுற்றும். வீட்டைச் சுற்றி வரும் ஒரே ஒரு வலசைப் பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பழுப்புக் கீச்சான். கண்ணுக்குக் குறுக்கே திருடன் முகமூடி போலக் கறுப்புப் பட்டை, காய்ந்த சுள்ளி உடைவது போலக் கரகரவென்று கத்தல். வந்ததும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்துவதால் தவறவிட முடியாது. எங்கள் காலி மனையின் கருவேல மரத்தில் வருடா வருடம் ஒன்று உட்காருகிறது. அதே பறவைதானா என்று வளையம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பல வலசைப் பறவைகள் அடுத்த வருடமும் அதே தோட்டத்துக்கு, அதே புதருக்குத் திரும்புகின்றன என்பது வளையம் மாட்டிப் பார்த்ததில் உறுதியான விஷயம்.

பறவையை இன்னதென்று அறிவதில் தவறு வரும். நம்மூரிலேயே வருடம் முழுக்க இருக்கும் கீச்சான்களும் உண்டு என்பதால் முதல் வருடம் நான் எழுதிய தேதியை அப்புறம் அடிக்க வேண்டியதாயிற்று. பரவாயில்லை. ஜூலையிலும் அந்தப் பறவை அங்கே உட்கார்ந்திருந்தால் நீங்கள் பார்ப்பது வேறொன்று என்று காலமே காட்டிக்கொடுக்கும். கடற்கரை உள்ளான்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றில் முதல் வருட இளசுகள் சில, வடக்கே போகாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும்.

முதல் நாளை எழுதுவது சுலபம். கத்தல் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்துத் தேதி போட்டுவிடலாம். கடைசி நாள் அப்படி இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் பறவையைப் பார்ப்பீர்கள். அதுதான் கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து, சத்தத்தையே காணோமே என்று யோசிக்கும்போது தேதி மறந்திருக்கும். அதனால் மார்ச் பாதியிலிருந்து காலண்டரில், பால்கணக்குக்குப் பக்கத்தில், பார்த்த நாளெல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டு வருகிறேன். கோடு நின்ற இடம்தான் அது கிளம்பிய நாள். போன வருடம் பால் கணக்கு கேட்டு வந்தவர், இடையிடையே கிடக்கும் கோடுகளைப் பார்த்து, "இது என்ன சார், தயிரா?" என்று கேட்டார்.